வெயிலில் காய வேண்டிய துணி



கிராம சுகாதார ஊழியத்துக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி, துவைத்துத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய துணி நாப்கின்களுக்குச் செலவாகிறது. கணக்கு அறிக்கையில் இந்த வரியைக் கண்ட அன்பர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். "கடைக்குக் கடை நாப்கின் கிடைக்கிற இந்தக் காலத்தில், நம் பாட்டிமார் பட்ட பாட்டுக்கே பிள்ளைகளைத் திரும்ப அனுப்பலாமா?" என்பதே அந்தக் கேள்வி. நியாயமான கேள்விதான். ஏழைப் பெண்களின் மேலுள்ள கரிசனையினால் கேட்கப்பட்டது. அதற்குப் பதில் சொல்வது எங்கள் கடமை.

இதை மருத்துவரோ செவிலியரோ எழுதாமல் மருத்துவமனைப் போதகர் எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். துணியைப் பற்றிய மருத்துவ விஷயங்களை எங்கள் மகளிர் பிரிவின் செவிலியர்கள் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொன்னதைப் பெண்கள் வீட்டில் செய்யவிடாமல் தடுப்பது வெட்கமும், தீட்டு என்ற எண்ணமும். அது போதகர்கள் பேச வேண்டிய காரியம். ஆகையால் மருத்துவத்தையும் வேதத்தையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

பாட்டிமார் காலத்துத் துணி

நம் பாட்டிமார் பயன்படுத்தியது பெரும்பாலும் பழைய பருத்திச் சேலை, பழைய வேட்டி. பலமுறை துவைத்து மென்மையான பருத்தி உதிரத்தை நன்றாக உறிஞ்சும், தோலை உறுத்தாது. துணி என்ற வகையில் அதில் பெரிய குறை இல்லை. அதைக் கழுவிய விதத்திலும் காயவைத்த விதத்திலும்தான் துன்பம் இருந்தது. எவர் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக இருட்டோடு எழுந்து குளத்தங்கரைக்குப் போய் அவசர அவசரமாக அலசுவார்கள். கூரை இடுக்கிலோ, மாட்டுத்தொழுவத்தின் மூலையிலோ, மற்றத் துணிகளுக்கு அடியிலோ போட்டு வைப்பார்கள். மறு மாதம் எடுக்கும்போது அதில் ஈரமும் பூஞ்சணமும் இருக்கும். சில வேளைகளில் பூச்சியும் இருக்கும்.

தூக்கி எறியும் நாப்கின் வந்த வரலாற்றில் மருத்துவமனைக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் உலகப் போரின்போது போர்முனை மருத்துவமனைகளில் காயங்களுக்குக் கட்டுப்போட, மரக்கூழிலிருந்து செய்த ஒருவகைப் பஞ்சு அனுப்பப்பட்டது. அது சாதாரணப் பஞ்சைவிட அதிகமாக உறிஞ்சுவதைக் கண்ட செவிலியர்கள் அதை மாதவிலக்குக்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டு வாக்கில், அந்தப் பஞ்சைச் செய்த அமெரிக்க நிறுவனமே அதைக் 'கோட்டெக்ஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் நாட்டில் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த அந்தப் பொருளை எட்டும்படி செய்தவர்களில் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் முக்கியமானவர். மகளிர் குழுக்களே இயக்கக்கூடிய சிறிய, மலிவான நாப்கின் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழக அரசும் 2012இல் 'புதுயுகம்' திட்டத்தைத் தொடங்கிக் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் வழங்கியது. இவற்றால் உண்டான நன்மையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டில் முடங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

ஆயினும் துணி மறைந்துவிடவில்லை. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 64 விழுக்காட்டினர் கடை நாப்கின் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். 50 விழுக்காட்டினர் துணி என்றும், 15 விழுக்காட்டினர் உள்ளூரில் தயாரித்த நாப்கின் என்றும் சொன்னார்கள். கூட்டினால் நூற்றைத் தாண்டுகிறதே என்று எண்ண வேண்டாம். ஒரே பெண் வெளியே போகும்போது ஒன்றையும் வீட்டில் இருக்கும்போது மற்றொன்றையும் பயன்படுத்துவது வழக்கம். ஆக, நாட்டின் இளம்பெண்களில் பாதிப்பேர் இன்னும் துணியை ஏதோ ஒரு வேளையில் பயன்படுத்துகிறார்கள். துணியைக் கொடுக்கலாமா வேண்டாமா என்பதைவிட, பயன்படுத்தப்படும் துணியைப் பாதுகாப்பானதாக ஆக்குவது எப்படி என்பதே நம் முன்னிருக்கிற பெரிய வேலை.

நோய் எங்கிருந்து வருகிறது?

துணியினால் நோய் வரும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஒடிசா மாநிலத்தில் மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. எறியும் நாப்கின் பயன்படுத்தியவர்களைவிட, துணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவர்களுக்குப் பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப் பாதையிலும் தொற்று அதிகமாக இருந்ததாக அது காட்டியது.

அதே மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. துணியை வீட்டுக்குள்ளேயே காயவைத்தவர்களுக்கும், கழிப்பறையில் ஒளித்து வைத்தவர்களுக்கும் பூஞ்சைத் தொற்று கூடுதலாக இருந்தது என்று அது கண்டது. ஈரம் முற்றிலும் போகாத துணியில், வெளிச்சமும் காற்றும் இல்லாத இடத்தில், பூஞ்சைக்கிருமி சுகமாக வளரும். அதே துணி சோப்பில் கழுவப்பட்டுச் சுள்ளென்ற வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்தால் கிருமிக்கு அங்கே பிழைப்பு இல்லை. எனவே ஒரு பெண்ணிடம் துணியைக் கொடுக்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கழுவ அவளுக்குத் தண்ணீர் இருக்கிறதா? வெயிலில் காயப்போட அவளுக்கு இடமும் துணிவும் இருக்கிறதா?

ஒரு பள்ளி விடுதியில் எங்கள் செவிலியர் வகுப்பு எடுத்தபோது, "எங்கே காயப்போடுகிறீர்கள்?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். வெகுநேரம் பதில் இல்லை. கடைசியில் ஒரு சிறுமி, "பெட்டிக்குள்ள, சிஸ்டர்" என்றாள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியைச் சொன்னாள். "பெட்டிக்குள்ள வெயில் வராதே, பாப்பா. மொட்டை மாடியில போட்டா என்ன?" என்று செவிலியர் கேட்க, "அங்க அண்ணன்மார் தண்ணித் தொட்டி கழுவ வருவாங்க, சிஸ்டர்" என்று பதில் வந்தது. விடுதிக் காப்பாளர் அம்மையாரிடம் பேசி, சமையற்கட்டுக்குப் பின்னால் வெயில் படும் ஒரு மூலையில் தட்டி மறைப்பு வைத்துக் கொடிக்கயிறு கட்டினோம். அந்தக் கயிறும் கிளிப்புகளும் மிகச் சிறிய செலவுதான். ஆனால் அவை இல்லாமல் நாம் கொடுத்த துணி நாப்கின் எல்லாம் பெட்டிக்குள் நோயாகவே மாறியிருக்கும்.

எறிந்தது எங்கே போகிறது?

ஒரு பெண்ணுக்கு மாதம் 15 நாப்கின் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180. பூப்பெய்திய நாள் முதல் மாதவிலக்கு நிற்கும் வரை 35 ஆண்டு என்று கொண்டால் 6,300. இது ஒரு பெண்ணின் கணக்கு. ஒரு கிராமத்தில் இருநூறு பெண்கள் இருந்தால் மாதம் 3,000 நாப்கின் எங்காவது போய்ச் சேர வேண்டும்.

கடையில் விற்கும் பெரும்பாலான நாப்கின்கள் வெறும் பஞ்சு அல்ல. மேலே உடம்பில் படும் உறை பிளாஸ்டிக் இழையால் ஆனது. நடுவில் மரக்கூழோடு, ஈரத்தை உறிஞ்சிக் கூழாகக் கட்டிக்கொள்ளும் ஒரு இரசாயனப் பொடி இருக்கிறது. அடியில் கசியாதபடி பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. மரக்கூழ் மக்கிவிடும். பிளாஸ்டிக் மக்க நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். திறந்த வெளியில் எரித்தால் புகை நஞ்சாகிறது. கழிப்பறையில் போட்டால் அது ஊறிப் பெருத்துக் குழாயை அடைக்கிறது.

அடைத்துக்கொண்ட குழாயில் யாருடைய கை நுழைகிறது என்பதைத் திருச்சபையாராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குப்பை மேட்டில் பிரிக்கப்படாத கழிவைக் கையால் பிரிப்பவர்கள் யார்? பெரும்பாலும் நம் தூய்மைப் பணியாளர்கள். அவர்களிலும் பெண்கள் அநேகர். அவர்களில் பலர் நம் சபைகளில் நம்மோடு ஒரே பந்தியில் முழங்காற்படியிடுகிற சகோதர சகோதரிகள். 2016இல் வந்த திடக்கழிவு விதிகள், பயன்படுத்திய நாப்கினைத் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றும், அதற்கான உறையை நிறுவனங்களே வழங்க வேண்டும் என்றும் கூறின. எறியும் நாப்கின் பயன்படுத்துகிற வீட்டார், குறைந்தபட்சம் காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டுத் தனியே கொடுத்தால், அதுவே அயலானிடத்தில் அன்புகூரும் செயல்.

துணி நாப்கின் எப்படி இருக்கும்?

பாட்டிமார் மடித்து வைத்த கந்தலைப் போன்றதல்ல இப்போதைய துணி நாப்கின். கடை நாப்கினின் வடிவத்திலேயே தைக்கப்படுகிறது. உடம்பில் படும் பக்கம் மென்மையான பருத்தி அல்லது பிளானல். நடுவில் உறிஞ்சுவதற்குப் பல அடுக்கு பருத்தித் துணி. அடியில், கசியாமலிருக்க, குடைத்துணி போன்ற நீர் புகாத மெல்லிய துணி. இரண்டு பக்கமும் சிறகு போல நீண்டு, உள்ளாடையைச் சுற்றிப் பிரஸ் பட்டனால் பூட்டிக்கொள்ளும். ஆகையால் நடந்தாலும் மிதிவண்டி ஓட்டினாலும் நகராது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய 'ஈக்கோ ஃபெம்' இவ்வகை நாப்கினை நம் பகுதியில் பலருக்கு அறிமுகம் செய்தது. சுற்றுவட்டாரப் பெண்களே அதைத் தைக்கிறார்கள்.

கிறிஸ்தவப் பெண்கள் சங்கங்களுக்கு உற்சாகமூட்டும் மற்றொரு செய்தியும் உண்டு. 2008இல் கென்யா நாட்டின் அநாதை இல்லம் ஒன்றில், பெண்பிள்ளைகள் மாதவிலக்கு நாட்களில் அறையை விட்டு வெளியே வர வழியில்லாமல் இருப்பதை செலஸ்ட் மெர்ஜென்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி அறிந்தார். முதலில் எறியும் நாப்கின்களையே வாங்கிக் கொடுத்தார்கள். அவற்றைப் போடுவதற்கு அங்கே இடமில்லை என்பது சீக்கிரத்தில் தெரிந்தது. அதன்பின் துவைக்கக்கூடிய துணி நாப்கின் தைக்கத் தொடங்கினார்கள். கறை தெரியாத, பூப்போட்ட அடர்நிறத் துணியைத் தெரிந்துகொண்டார்கள்; கொடியில் தொங்கினால் கைக்குட்டை போலத் தோன்றும்படி வடிவமைத்தார்கள். 'டேஸ் ஃபார் கேர்ள்ஸ்' என்று இன்று அழைக்கப்படும் அந்த ஊழியத்துக்காகப் பல நாடுகளில் சபைப் பெண்கள் கூடித் தைக்கிறார்கள்.

பயன்படுத்தும் முறையை எங்கள் செவிலியர் சொல்லிக்கொடுக்கிறபடியே இங்கே தருகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும்.

1. புதிய நாப்கினை ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகே முதலில் பயன்படுத்த வேண்டும். துவைத்தால்தான் பருத்தி நன்றாக உறிஞ்சும்.

2. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உதிரம் அதிகமுள்ள நாட்களில் அதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

3. கழற்றியதைப் பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது; சூடு பட்டால் உதிரம் துணியிலேயே உறைந்து கறை நிலைத்துவிடும்.

4. சாதாரணச் சோப்புக்கட்டி போட்டுக் கசக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பிளீச்சிங் பவுடரும், துணியை மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம். முன்னது இழையைக் கெடுக்கும். பின்னது உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும்.

5. வெயிலில், இரண்டு பக்கமும், ஈரம் சிறிதும் இல்லாமல் காய வேண்டும். மழைக்காலத்தில் காற்றோட்டமான இடத்தில் உலர்த்தி, பருத்திப் பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம்.

6. காய்ந்தபின் மடித்து, சுத்தமான துணிப்பையில், உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒருவர் பயன்படுத்தியதை மற்றவர் பயன்படுத்தக் கூடாது. அக்காள் தங்கையானாலும் தனித்தனியே இருக்கட்டும்.

இவ்வாறு பேணினால் ஒரு துணி நாப்கின் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும். கூலிவேலை செய்யும் வீட்டில் மாதந்தோறும் நாப்கினுக்கு ஒதுக்கும் பணம் மிச்சமாகிறது. மிச்சமாகும் பணம் பிள்ளைகளின் முட்டைக்கும் கீரைக்கும் போகட்டும் என்று செவிலியர் சொல்வதுண்டு. அதே கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது என்பதை நினைத்தால் அந்த அறிவுரையின் அவசியம் விளங்கும்.

சிலிக்கான் கப்

திரும்பப் பயன்படுத்தக்கூடியது துணி மட்டுமல்ல. மருத்துவத்துக்கு உகந்த சிலிக்கானால் ஆன சிறு கிண்ணம் ஒன்று உண்டு. உள்ளே வைத்து உதிரத்தைச் சேகரித்து, கொட்டிக் கழுவி, திரும்பவும் வைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் என்பவர் 1937இலேயே இப்படிப்பட்ட கிண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இதழில், 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வெளியானது. கப் பாதுகாப்பானது என்றும், கசிவு நாப்கினைவிட அதிகமில்லை என்றும் அது கூறியது. அதே ஆண்டில் கேரளத்தின் ஆலப்புழை நகராட்சி 'திங்கள்' என்ற திட்டத்தில் 5,000 கப்புகளை இலவசமாக வழங்கியது. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சி நாப்கின் இல்லாத ஊராக அறிவிக்கப்பட்டது.

தண்ணீர் குறைவான இடத்துக்குக் கப் ஏற்றது. காயவைக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்க வேண்டும். கையைச் சுத்தமாகக் கழுவிய பிறகே தொட வேண்டும். காப்பர் டி வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. மணமாகாத பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தாய்மார் தயங்குகிறார்கள். கப் கன்னிமையைக் கெடுக்காது என்று செவிலியர் பொறுமையாக விளக்குகிறார்கள். எவரையும் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை.

எல்லாருக்கும் ஏற்றதா?

இல்லை. இதை உங்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெள்ளத்திலும் புயலிலும் வீடிழந்து முகாமில் தங்கியிருக்கும் பெண்ணுக்குக் கழுவத் தண்ணீரும் இல்லை, காயப்போட இடமும் இல்லை. அவளுக்கு எறியும் நாப்கினே தேவை. அதையே கொடுக்க வேண்டும். பிரசவமான தாய்க்கும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் மருத்துவமனையில் கிருமி நீக்கிய பஞ்சும் துணியும்தான். நாள் முழுவதும் வயலிலோ ஆலையிலோ நின்று வேலை செய்கிறவர்கள் வேலைக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக வைத்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு, அவளைப் பராமரிக்கும் தாய்க்கு எது இலகுவோ அதுவே நல்லது.

எதைப் பயன்படுத்தினாலும் சில அடையாளங்கள் கண்டால் உடனே மருத்துவரிடம் வர வேண்டும். மணிக்கு ஒன்று நனையும் அளவுக்கு உதிரப்போக்கு. ஏழு நாளைத் தாண்டியும் நிற்காமை. பெரிய கட்டிகளாகப் போதல். துர்நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலியோடு காய்ச்சல். மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் மறுபடியும் உதிரம் காணல். இவற்றை மறைத்து மறைத்து, இரத்தம் வற்றி, தூக்கிக்கொண்டு வரும் நிலையில் வருகிறவர்களை மகளிர் பிரிவில் நாங்கள் காண்கிறோம். அவர்களின் படுக்கையருகே ஜெபிக்கும்போது, இந்த அம்மாள் ஆறு மாதம் முன்பே வாய் திறந்திருக்கலாகாதா என்ற வேதனை எங்களுக்கு உண்டாகிறது.

தீட்டும் திருவசனமும்

ஏன் வாய் திறப்பதில்லை? தீட்டு என்கிறார்கள். இது மற்ற மதத்தாரின் பழக்கம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மாதவிலக்கு நாட்களில் திருவிருந்துக்கு வராமல் பின்னிருக்கையில் இருந்துவிடும் சகோதரிகள் நம் சபைகளிலும் உண்டு. வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும்போது, "நான் இன்றைக்கு வேதத்தைத் தொடமாட்டேன், ஐயா" என்று சொல்லுகிற தாய்மாரும் உண்டு.

லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தைக் காட்டி இதற்கு ஆதாரம் சொல்லுகிறவர்கள் அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்க வேண்டும். அது ஆண்களின் சரீரக் கசிவைப் பற்றிய பிரமாணத்தோடுதான் தொடங்குகிறது; பெண்களைப் பற்றிய பகுதி அதன்பின் வருகிறது. மாதவிலக்கைப் பாவம் என்றோ தண்டனை என்றோ அது சொல்லவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது திரும்பத் திரும்பச் சொல்லும் காரியம், தண்ணீரினால் கழுவுவதும் ஆடையைத் துவைப்பதுமே.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டு பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணைக் காண்கிறோம். கையிலிருந்ததையெல்லாம் வைத்தியருக்குச் செலவழித்தும் குணமாகவில்லை. ஒருவரும் அறியாமல், கூட்டத்தில் பின்னால் வந்து, ஆண்டவரின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். தொட்டவுடனே சுகம் கிடைத்துவிட்டது. ஆண்டவர் அப்படியே போயிருக்கலாம். ஆனால் அவர் நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே முன்னே வந்து எல்லாவற்றையும் சொல்லுகிறாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தாம் தீட்டுப்பட்டதாகவும் சொல்லவில்லை. எல்லார் முன்பாகவும் அவளை மகளே என்று அழைக்கிறார். ஒளிந்து பெற்ற சுகத்தை அவர் வெளிச்சத்தில் உறுதிசெய்து கொடுக்கிறார். அந்த வேளையில் அவர் போய்க்கொண்டிருந்தது யவீருவின் வீட்டுக்கு. அங்கே மரித்துக்கிடந்த பெண்பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. நம் வீடுகளில் பிள்ளைகள் பூப்பெய்துகிற வயது.

அந்த வயதை ஒட்டிய ஒரு பிள்ளைக்கு நம் மாநிலத்தில் நேர்ந்ததை மறக்கலாகாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கத்தில், பூப்பெய்தியதற்காகத் தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் சாய்ந்து விழுந்து மாண்டாள். பெற்றோர் அவளை நேசிக்காதவர்கள் அல்லர். ஊர் வழக்கத்தை மீறத் துணியவில்லை, அவ்வளவுதான்.

மிஷன் மருத்துவமனைகள் நம் நாட்டில் தோன்றியதற்கும் இப்படிப்பட்ட மரணங்களே ஒரு காரணம். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று கர்ப்பிணிகளின் கணவர்மார் அடுத்தடுத்து வந்து, இளம்பெண்ணான ஐடா ஸ்கடரைப் பிரசவம் பார்க்க அழைத்தார்கள். அவர் மருத்துவம் படிக்காதவர். மருத்துவரான அவர் தகப்பனாரை, ஆண் என்பதனால் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பேரும் மரித்தார்கள். அந்த இரவே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1900இல் மருத்துவராகத் திரும்பி வந்து வேலூரில் ஊழியத்தைத் தொடங்கினார்; 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். ஒரு பெண் தன் சரீரத் துன்பத்தை வெட்கமின்றிச் சொல்லக்கூடிய இடம் வேண்டும் என்பதற்காக எழும்பிய ஊழியத்தின் வரிசையில்தான் நமது சிறிய மருத்துவமனையும் நிற்கிறது. கொடிக்கயிறு கட்டுவதும் அந்த ஊழியத்தின் ஒரு பகுதியே.

நீங்கள் செய்யக்கூடியவை

துணி நாப்கினுக்காக நீங்கள் அனுப்பும் காணிக்கையை நாங்கள் நாப்கினோடு மட்டும் நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாப்கின்கள், துணிப்பை, மூடியுள்ள சிறு வாளி, சோப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கிறோம். விடுதிகளிலும் பள்ளிகளிலும் குளியலறைக்குக் கதவும் தாழ்ப்பாளும், ஒரு தண்ணீர்க் குழாயும், வெயிலில் ஒரு கொடிக்கயிறும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாத இடத்தில் அவற்றை முதலில் செய்கிறோம். தண்ணீர் வராத இடத்துக்குத் துணி நாப்கின் அனுப்புவதில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தார் தைத்து அனுப்ப விரும்பினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். புதிய பருத்தியும் பிளானலும் அடர்நிறத்தில் இருக்கட்டும். நைலான், பாலியெஸ்டர் வேண்டாம், அவை உறிஞ்சா. பயன்படுத்திய பழைய துணியையும் அனுப்ப வேண்டாம். அளவு மாதிரியை எங்கள் தையல் பிரிவில் பெற்றுக்கொள்ளலாம்.

சபைக் குருமாருக்கும் மூப்பருக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்கு 5ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, இந்தப் பெண்ணின் நோய் இன்னது என்று பெயர் சொல்லிப் பிரசங்கம் செய்யுங்கள். தகப்பன்மார் வீட்டு முற்றத்தில், மற்றத் துணிகளோடு சேர்த்து இந்தத் துணியும் காய்வதைக் கண்டு முகம் சுளிக்காமல் இருந்தாலே மகள்களுக்குப் பாதி நோய் தீரும். மகனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அவன் நாளைக்கு ஒரு மகளுக்குத் தகப்பன்.

ஜெபக் குறிப்புகள்

கிராமங்களில் வீடுவீடாகச் சென்று இதைப் போதிக்கும் செவிலியருக்காகவும் சுகாதாரப் பணியாளருக்காகவும் ஜெபியுங்கள்.

பிறர் எறிந்ததைக் கையால் அள்ளிப் பிழைக்கும் தூய்மைப் பணியாளர்களின் சுகத்துக்காக ஜெபியுங்கள்.

நோயை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே வருந்தும் தாய்மார், தாமதமின்றி மருத்துவமனைக்கு வரும்படி ஜெபியுங்கள்.

விடுதிப் பிள்ளைகளின் குளியலறைகளுக்குத் தடையின்றித் தண்ணீர் கிடைக்கும்படி ஜெபியுங்கள்.

 இதைப் பற்றி மேலும் கேட்க விரும்புவோர் தயங்காமல் எழுதுங்கள். எங்கள் செவிலியர் உங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்து நேரில் விளக்கவும் ஆயத்தமாயிருக்கிறார்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்